பால்கன் 7 நாடு குரூப் டூர்: நாத்தனாரையும் கூட்டிட்டுப் போகலாமா?

நங்கநல்லூர் டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் ஸ்கூலிலிருந்து ரிட்டயர் ஆகறேன். செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும், கூட அவரோட அக்காவும் ஒரு வெளிநாட்டு டூர் போகலாம்னு இருக்கோம். சிங்கப்பூர், துபாய் ரெண்டும் பார்த்தாச்சு. சுவிஸ், பாரிஸ்னு எல்லாரும் போற இடத்துக்கே போகாம வேற ஏதாவதுன்னு தேடினப்போ தி.நகரில் ஒரு டூர் ஆபீஸில் பால்கன் நோட்டீஸ் கொடுத்தாங்க. 11 இரவு, 7 நாடு. குரோஷியாவோட ஜாக்ரெப்பில் இறங்கி ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வடக்கு மாசிடோனியா, கடைசியா செர்பியா, பெல்கிரேடிலிருந்து திரும்பறது. சென்னையிலிருந்து டூர் மேனேஜர் கூடவே வருவாராம். தினமும் ஒரு வேளை இந்தியச் சாப்பாடுன்னும் போட்டிருக்கு.

வீட்டுக்காரருக்கு இடது முட்டி வலி உண்டு, மெதுவா நடப்பார். நாத்தனாருக்கு 66 வயசு, வெங்காயம் பூண்டு தொடமாட்டாங்க, ராத்திரி தயிர் சாதம் இல்லைன்னா தூக்கம் வராது. மூணு பேருக்கும் ஒரே ரூம்னா காசு குறையும்னு ஆபீஸில் சொல்றாங்க. முன்பணம் கட்ட இந்த வெள்ளிக்கிழமை வரைதான் டைம். போயிட்டு வந்தவங்க யாராவது உள்ளதைச் சொல்லுங்க.

பெரம்பூர் பெட்டிக்காரர்:

அம்மா, வெள்ளிக்கிழமைன்னு அவங்க சொல்றது அவங்க வசதிக்கு. கொஞ்சம் பொறுங்க.

நான் ஐ.சி.எஃப்-ல ரயில் பெட்டி கட்டி ரிட்டயர் ஆனவன். 2025 செப்டம்பரில் நானும் வீட்ல அவங்களும் இதே மாதிரி ஒரு குரூப்பில் போனோம். 9 இரவு, 5 நாடு. அல்பேனியாவும் மாசிடோனியாவும் எங்க டூரில் இல்லை. பாக்கெட் டைரியில் எல்லாத்தையும் மணி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேன். சர்வீஸில் வந்த பழக்கம், போகமாட்டேங்குது.

நோட்டீஸில் எத்தனை நாடுன்னு பார்க்காதீங்க, ஒரே கட்டிலில் எத்தனை ராத்திரின்னு எண்ணுங்க. எங்களுக்கு 9 ராத்திரியில் 8 ஹோட்டல். குரோஷியாவில் டுப்ரோவ்னிக்கில் மட்டும்தான் சேர்ந்தாப்ல ரெண்டு ராத்திரி. தினமும் காலையில ஆறே முக்காலுக்கு பெட்டி ரூம் வாசலில் இருக்கணும். நாலாம் நாள் எங்க வீட்டம்மா பெட்டியைத் திறக்கறதையே விட்டுட்டாங்க, மேல கிடந்த ரெண்டு புடவையையே மாத்தி மாத்திக் கட்டினாங்க. உங்களுக்கு 11 ராத்திரியில் 7 நாடுன்னா கணக்கு நீங்களே போட்டுக்கோங்க, டீச்சர் ஆச்சே.

அப்புறம் பார்டர். குரோஷியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவில் வழக்கமா பாஸ்போர்ட் வரிசை கிடையாது, எங்க பஸ் நிக்காமலே போச்சு. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கன் (ஒரே வீசாவில் சுத்தற ஐரோப்பிய நாடுகள்), யூரோவும் அன்னிலேர்ந்துதான். ஆனா போஸ்னியா, மாண்டினீக்ரோ, செர்பியா எதுவும் ஷெங்கன் இல்லை. ஒவ்வொரு எல்லையிலும் ரெண்டு சாவடி, வெளியே விடறது ஒண்ணு, உள்ளே விடறது ஒண்ணு. டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோவோட கோட்டோர் 90 கிலோமீட்டர் சொச்சம்தான். எங்களுக்கு எல்லையில் மட்டும் 1 மணி 50 நிமிஷம் ஆச்சு. 38 பேர் இறங்கி வரிசையில் நிக்கணும். வெயில். பக்கத்தில் கழிப்பறை இல்லை. முட்டி வலிக்காரருக்கு மடக்கு ஸ்டூல் ஒண்ணு கையிலேயே இருக்கட்டும்.

வீசாவில் ஒரு சங்கதியை மட்டும் நீங்களே உங்க கண்ணால பாருங்க. எங்க குரூப்பில் கோயம்புத்தூர் அம்மா ஒருத்தங்களுக்கு ஷெங்கன் வீசா ஒரே ஒரு தடவை நுழையறதுக்குக் கிடைச்சிருந்தது. ஸ்டிக்கரில் அந்தக் கட்டத்தில் 'மல்ட்'னு இருக்கணும், அவங்களுதில் '01'. ஊரில் யாரும் கவனிக்கலை, டூர் கம்பெனியும் கவனிக்கலை (பேர் இங்கே வேண்டாம்). குரோஷியாவில் ஸ்ப்ளிட் ஊரில் ராத்திரி பாஸ்போர்ட் வாங்கி லிஸ்ட் எழுதறப்போதான் தெரிஞ்சுது. மறுநாள் மோஸ்தார் போனா அது போஸ்னியா. போயிட்டா திரும்பி குரோஷியாவுக்குள்ள வரமுடியாது. அந்தம்மா ஹோட்டல் லாபியில் பெட்டி மேலேயே உட்கார்ந்துட்டாங்க. நாங்க மோஸ்தார் போக, அவங்களைத் தனியா டுப்ரோவ்னிக் பஸ்ஸில் ஏத்திவிட்டாங்க. அதிலும் ஒரு சிக்கல். குரோஷியாக் கடற்கரை நடுவில் போஸ்னியாவோட நியூம் ஊர் குறுக்கே வரும். அந்த ஊரைத் தொடாம போக 2022-ல் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் வழியா போற பஸ்தானான்னு ரெண்டு தடவை கேட்டுத்தான் ஏத்தினார் மேனேஜர். டுப்ரோவ்னிக்கில் எங்களோட ஒரு நாள் இருந்துட்டு, அங்கேர்ந்து சொந்தக் காசில் டிக்கெட் போட்டு ஊருக்குத் திரும்பிட்டாங்க.

படி பத்திச் சொல்லணும். ஸ்லோவேனியாவில் பிளெட் ஏரி நடுவில் இருக்கற சர்ச்சுக்கு 99 படி, படகு விட்டு இறங்கினதும். வேண்டாம்னா கீழேயே உட்கார்ந்து ஏரியைப் பார்க்கலாம், ஒண்ணும் குறையாது. கோட்டோர் கோட்டைக்கு 1350 படி. சோளிங்கர் பெரிய மலை 1305, அங்கேயாவது இப்போ ரோப்கார் இருக்கு. நான் பாதி ஏறிட்டு இறங்கிட்டேன். குரோஷியாவோட ப்ளிட்விட்ஸேதான் உங்க வீட்டுக்காரருக்குக் கஷ்டம். 16 ஏரி, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல மரப்பலகை நடைபாதை. நிறைய இடத்தில் கைப்பிடி கிடையாது, பலகை ஈரம். பெரிய ஏரியில் பாட்டரிப் படகு ஓடுது. அவரை அதில் ஏத்திட்டு அந்தப் பக்கம் பார்த்தாப் போதும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

மோஸ்தார் பாலம் 1566-ல் துருக்கிக்காரங்க கட்டினது. 1993 நவம்பர் 9 அன்னிக்குப் பீரங்கி வெச்சு இடிச்சுட்டாங்க. திரும்பக் கட்டி 2004-ல் திறந்தது. கல்லு வழுவழுன்னு இருக்கும், குறுக்கே வரப்பு மாதிரி கல் வெச்சிருக்காங்க, அதில் காலை ஊனி நடக்கணும். நடுவில் கைப்பிடிச் சுவரில் ஒருத்தன் ஜட்டியோட ஏறி நின்னான். கூட்டாளி தொப்பியை நீட்டிக்கிட்டே வந்தான். போதுமான காசு சேர்ற வரை இவன் குதிக்கறாப்ல காலை எடுப்பான், மறுபடி வெச்சுக்குவான், தோளைத் தேய்ச்சுக்குவான். கால் மணி நேரம் இதே. அப்புறம் சட்டுனு போனான், இருபது மீட்டருக்கு மேல, நேரா ஆத்துக்குள்ள. பாலத்து ஓரமா ஒரு சின்னக் கல்லில் '93-ஐ மறக்காதே'ன்னு எழுதியிருக்கு. அந்தக் கல் மேல ஐஸ்கிரீமை வெச்சு போட்டோ எடுத்தவங்களையும் பார்த்தேன்.

வழிகாட்டிகள் ஊருக்கு ஒருத்தர் மாறுவாங்க. யுகோஸ்லாவியா உடைஞ்சப்போ நடந்த சண்டையைப் பத்தி டுப்ரோவ்னிக்கில் கேட்டது ஒண்ணு, போஸ்னியா தலைநகர் சராயேவோவில் கேட்டது ஒண்ணு, பெல்கிரேடில் கேட்டது வேற ஒண்ணு. சராயேவோக்காரர் அவங்க ஊர் முற்றுகை 1425 நாள்னு சொன்னப்போ குரல் ஏறவே இல்லை, ரயில் டைம் சொல்ற மாதிரி சொன்னார். குரூப் டூரில் எனக்கு லாபம்னு தோணினது இதுதான். நானா போயிருந்தா இந்த மூணு பேர்கிட்டயும் பேசியிருக்கவே மாட்டேன்.

டிரைவரை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க. ஐரோப்பா சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும். எங்க மேனேஜர் இந்தியச் சாப்பாடு ஆறிடும்னு அவசரப்படுத்தினார். டிரைவர் பேசவே இல்லை, ஓட்டற நேரத்தைப் பதியற மெஷினில் செருகியிருந்த கார்டை விரலால தட்டிக் காட்டிட்டு சிகரெட் பத்த வெச்சார். லோகோ பைலட்டுக்கு ரன்னிங் ஹவர்ஸ் மாதிரி. எனக்குச் சந்தோஷமா இருந்துது. சாப்பாடு ஆறித்தான் போச்சு. டப்பாவில் வந்த பருப்பு கத்தியால வெட்டற பதம்.

ஒரே வருத்தம். பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோ கடற்கரையில் 'பார்'ங்கற ஊருக்கு ஒரு ரயில் பாதை இருக்கு. 476 கிலோமீட்டர், 254 சுரங்கம், 1976-ல் திறந்தது, ஒரு பாலம் 198 மீட்டர் உயரம். அத்தனை கிட்ட போயும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து வந்தேன். பெல்கிரேடில் பழைய யுகோஸ்லாவியா தலைவர் டிட்டோ சமாதிக்கு மட்டும் விடாம போனேன். நேரு, டிட்டோ, நாசர்னு எங்கப்பா பேப்பர் படிச்சுக் காட்டின ஆளு.

பாஸ்போர்ட் பைத்தியம்:

பெட்டிக்காரர் சார் போனப்ப இருந்த பார்டர் இப்ப இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதிலா போட்டோவும் விரல் ரேகையும் பதியற முறை வந்துடுச்சு. முதல் தடவை பதியறப்போ ஆளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதுக்கப்புறம் பதிவு மூணு வருஷம் நிக்கும். உங்களுக்கு ஜாக்ரெப்பில் இறங்கறப்பவே அது முடிஞ்சுடும்.

மேடம், மூணு விஷயம் கேளுங்க. இன்சூரன்ஸ் ஷெங்கனுக்கு மட்டுமா, இல்லை போஸ்னியா, செர்பியா எல்லாம் சேர்த்தா? வீசாவுக்காக எடுக்கற மலிவான பாலிசி பல சமயம் ஷெங்கனோட நின்னுடும், முட்டி வேற சொல்றீங்க. ரெண்டாவது, வடக்கு மாசிடோனியாவோட ஸ்கோப்யேயிலிருந்து பெல்கிரேட் போற வழியில் 'பிரிஸ்டினா ஆப்ஷனல்'னு இருந்தா வேண்டாம்னுடுங்க, அது கொசோவோ தலைநகர். கொசோவோவை செர்பியா தனி நாடா ஏத்துக்கலை. வேற நாட்டிலிருந்து கொசோவோவுக்குள்ள போயிட்டு அப்படியே செர்பியாவுக்குள்ள நுழைஞ்சா எல்லையில் திருப்பி அனுப்பலாம். மூணாவது, டூர் பணத்தோட முன்கூட்டியே பிடிக்கற டி.சி.எஸ் வரிக்கு யார் பான் நம்பர் கொடுக்கறீங்களோ அவங்க ரிட்டர்னில்தான் கழிக்க முடியும். மூணு பேருக்கும் தனித்தனியா பில் வாங்குங்க.

ஓ.எம்.ஆர் ஊர்சுற்றி:

நான் மாற்றுக் கருத்து. அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்லோவேனியா, குரோஷியா இரண்டு மட்டும் எட்டு இரவு போனேன், டூர் கம்பெனி இல்லாமல். ஊருக்கு ஊர் பஸ் இருக்கிறது. ஸ்லோவேனியா தலைநகர் லியூப்லியானாவில் மூன்று இரவு, ஸ்ப்ளிட்டில் மூன்று, டுப்ரோவ்னிக்கில் இரண்டு. அடுப்பு இருக்கிற அபார்ட்மெண்ட் எடுத்தோம், அம்மா தினமும் ரசம் வைத்தார். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் வழிகாட்டி குடுகுடுவென்று ஓட, அம்மா பின்தங்கிவிட்டார். அந்த ஒரு மணி நேரக் குரூப்பே எங்களுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. உள்ளே சுமார் 10 டிகிரிதான், ஸ்வெட்டர் எடுங்கள்.

பெரம்பூர் பெட்டிக்காரர்:

தம்பி, உங்க அம்மாவுக்குப் பெட்டி தூக்க நீங்க இருந்தீங்க. டீச்சர் வீட்டில் மூணு பேரும் அறுபதை ஒட்டினவங்க. பழைய ஊருக்குள்ள பஸ் போகாது, கருங்கல் பாவின தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்துப் பாருங்க. ஆனா ரெண்டு நாடு, மூணு ராத்திரின்னு சொன்னீங்களே, அது எனக்குப் பிடிச்சிருக்கு.

நங்கநல்லூர் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து தி.நகர் போயிட்டு வந்தேன். கட்டில் கணக்கு கேட்டதும் அந்தப் பொண்ணு முழிச்சுது, அப்புறம் உள்ளே போய் இன்னொரு நோட்டீஸ் கொண்டுவந்தது. ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ நாலு நாடு, 10 இரவு, 6 ஹோட்டல். விலை கிட்டத்தட்ட அதே. முதல்லயே இதைக் காட்டியிருக்கலாம். மூணு பேர் ரூமில் மூணாவது என்ன கட்டில்னு கேட்டேன், மடக்குக் கட்டில்தான்னு ஒத்துக்கிட்டாங்க. நாத்தனாரை அதில் படுக்க வெச்சுட்டு ஊருக்கு வந்து பதில் சொல்ல என்னால ஆகாது. அவங்களுக்குத் தனி ரூம் கேட்டிருக்கேன். முன்பணம் இன்னும் கட்டலை.

இப்போ வீட்டில் பாக்கி இருக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். தயிர்.

பெரம்பூர் பெட்டிக்காரர்:

அதுக்கு நான் கேரண்டி. போஸ்னியாவில் சூப்பர் மார்க்கெட்டில் 'கிசெலோ ம்லியெகோ'ன்னு கேளுங்க, புளிச்ச பால்னு அர்த்தம். டப்பாவோட உறைஞ்சிருக்கும், நம்ம வீட்டு உறைதயிரேதான். 'யோகர்ட்'னு பாட்டிலில் விக்கறது கெட்டி மோர். வெறும் சாதத்துக்கு மின்சாரக் குக்கர் சின்னது ஒண்ணு எடுத்துக்கோங்க, ஹோட்டலில் கேட்டுட்டுப் போடுங்க.

அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோங்க. நெய், பால் பவுடர் மட்டும் பெட்டியில் வைக்காதீங்க, வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பாவில் தடை. உங்களுக்கும் சாருக்கும் பேக்கரியில் க்ரும்பிருஷான்னு உருளைக்கிழங்கு வெச்ச சுருள் கிடைக்கும். அதில் வெங்காயம் உண்டு, நாத்தனாருக்குச் சிர்னிட்சா, பாலாடைக்கட்டி வெச்சது. அதிலும் என்னென்ன போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. புரெக்னு தனியா எழுதியிருந்தா போஸ்னியாவில் அது இறைச்சி.

காபி செம்புப் பாத்திரத்தில் வடிகட்டாம வரும், கூட ஒரு அல்வாத் துண்டு. பொடி அடியில் இறங்கற வரை பொறுத்து மேலாக ஊத்திக் குடிங்க. எங்க வீட்டம்மா முதல் நாள் அதைக் கலக்கிட்டாங்க. அந்தக் கடைக்காரப் பெரியவர் ஒண்ணும் சொல்லாம பாத்திரத்தை எடுத்துட்டுப் போய் வேற கொண்டுவந்து வெச்சார், காசும் வாங்கலை.

நங்கநல்லூர் டீச்சர்:

நாத்தனார்கிட்ட படிச்சுக் காட்டினேன். பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க.