ஊரடங்கில் வீட்டு விசேஷமும் நிதிச் சைக்கிள் பயணமும்: எது கைகொடுத்தது, எது நழுவியது

இழையைத் தொடங்கியவர்

வீட்டுப் பெரியவருக்கு அறுபது நிறைகிற நாளிலோ, மறைந்தவரின் நினைவு நாளிலோ, அவர் பெயரில் சைக்கிள் ஓட்டி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று திரட்டி ஒரு மருத்துவமனைக்கோ இல்லத்துக்கோ கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. 2020 மார்ச் 25-க்குப் பிறகு இதில் இரண்டு பக்கமும் அடி. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று வரம்பு வந்தது. கோயில்கள் மூடின. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழு முடக்கம். ஜூலை, ஆகஸ்டு ஞாயிறுகளில் மாநிலம் முழுக்கத் தளர்வில்லா ஊரடங்கு. ஞாயிறு காலைதான் சைக்கிள்காரர்களின் நாள்! போதாக்குறைக்கு, ஆகஸ்டு முடியும்வரை மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போனாலே மாவட்டம் மாறிவிடும்.

அப்போது எடுத்த முடிவுகளில் சரியாக வந்தது ஒன்றுதான்: நாளை விடாமல், வடிவத்தை மாற்றியது. "நிலைமை சரியானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளியவை பெரும்பாலும் தள்ளியபடியே நின்றுவிட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1980 முதல் நடக்கும் பேன்-மாஸ் சேலஞ்ச் (டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு நிதி திரட்டுவது) 2020-இல் கூட்டப் பயணத்தைத்தான் விட்டது. அவரவர் ஊரில், அவரவர் வழியில் ஓட்டச் சொல்லி அந்த ஆண்டை விடாமல் பிடித்துக்கொண்டது. நம்மூர் அளவுக்கு அதையே செய்ய என்னென்ன வேண்டும், எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கதை வேண்டாம், கணக்கு வேண்டும். அடுத்த முறை யாருக்காவது உதவட்டும்.

பதில்: குழுப் பயணம் ஒருங்கிணைப்பவர்

தூரத்தை ஒரே நாளில் முடிக்கச் சொல்லாதீர்கள். விசேஷ நாளை நடுவில் வைத்து முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று ஒன்பது நாள் கொடுங்கள். 60 கிலோமீட்டர் என்றால் பத்துப் பத்தாக ஆறு நாளில் ஒருவர் முடிப்பார், ஒரே மூச்சில் இன்னொருவர் முடிப்பார். பாட்டி மொட்டை மாடியில் நடப்பதையும் கணக்கில் சேருங்கள். 1 கிலோமீட்டர் நடை 3 கிலோமீட்டர் சைக்கிளுக்குச் சமம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் தகராறு வராது.

பதிவுதான் தலைவலி. யாரும் ஏமாற்றுவதில்லை, பதிவு தானாக அறுந்துபோகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு வசதி, திரை அணைந்த சில நிமிடங்களில் ஸ்ட்ராவா போன்ற, ஓட்டிய தூரத்தைப் பதியும் செயலியை முடக்கிவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதற்கு நேர்மாறான தவறு, நிறுத்த மறந்து காரில் ஏறுவது. கூட்டல் போடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பகுதி தெரிந்தால் அதுதான். வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடிக்கிறவர்கள் தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது கட்டாயம்.

மொட்டை மாடியிலும் அடுக்ககச் சுற்றுப் பாதையிலும் ஓட்டினால் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். சுற்று சிறியதாக இருந்தால் போன் மூலைகளை வெட்டிக் குறைத்துக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சிதறி, நின்ற இடத்திலேயே தூரம் ஏறும். சக்கரத்தில் மாட்டும் சென்சர்தான் சரி. அதிலும் சக்கரச் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 700×25 (டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு) டயருக்கு 2105 மில்லிமீட்டர், 700×28-க்கு 2136, 26×1.95-க்கு 2050, 29×2.1-க்கு 2288. 26 அங்குலச் சக்கரத்துக்கு 2105 என்று விட்டுவிட்டால், மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 97.4 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். கிலோமீட்டருக்குப் பணம் வாங்குகிறோம், அதனால் இதில் சுத்தமாக இருப்பது முக்கியம்.

பதில்: சைக்கிள் பழுது பார்ப்பவர்

ட்ரெய்னர், அதாவது வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தியபடியே மிதிக்க உதவும் தாங்கி பற்றிக் கொஞ்சம். பின் சக்கரத்தை உருளையில் அழுத்தும் வகைதான் இங்கே அதிகம் விற்றது. சைக்கிளோடு வந்த குவிக் ரிலீஸ் கம்பியோடு (பின் சக்கரத்தை இறுக்கும் அச்சுக் கம்பி) மாட்டாதீர்கள். ட்ரெய்னரோடு வரும் இரும்புக் கம்பியை மாற்றிப் போடுங்கள். பழையதன் முனை அலுமினியமோ பிளாஸ்டிக்கோ என்றால் பிடி வழுக்கும். டயரில் எப்போதும் ஒரே காற்றழுத்தம். உருளை டயரைத் தொட்ட பிறகு திருகை இரண்டு மூன்று சுற்று. உருளையின் அழுத்தம் குறைந்தால் சறுக்கி, டயர் சூடேறி, கருப்புத் தூள் கொட்டும். கூடினால் டயர் சீக்கிரம் தேயும், வீட்டில் யாரும் தூங்க முடியாது. அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். கீழ் வீட்டுக்காரர் புகாரில் பாதி அதிலேயே போகும்.

பெரிய இரட்டைக்கால் ஸ்டாண்டு போட்ட பழைய சைக்கிளை அப்படியே நிறுத்தி மிதிக்கலாமே என்று கேட்பார்கள். மிதிக்கலாம், ஆனால் சக்கரத்துக்கு எந்தத் தடையும் இல்லை, காலுக்கு வேலையே இருக்காது. எழுந்து நின்று மிதித்தால் ஸ்டாண்டு மடங்கி முன்னால் ஓடிவிடும். வேண்டாம்.

வீட்டுக்குள் ஓட்டும்போது மறக்கக் கூடாதது வியர்வை. வெளியே காற்றில் காய்ந்துபோவது, உள்ளே ஹேண்டில் பாரிலும் ஹெட்செட்டிலும் (ஹேண்டில் திரும்பும் பேரிங் பகுதி) சொட்டும். உப்பு உள்ளே இறங்கி, இரண்டு மாதத்தில் போல்ட்டைத் துரு பிடிக்க வைக்கும். ஹேண்டிலில் துண்டு, முகத்துக்கு நேராக ஒரு மின்விசிறி, முடித்ததும் ஈரத்துணியால் துடைப்பு. சென்னை மே மாதத்தில் விசிறி இல்லாமல் ட்ரெய்னர் ஏறவே கூடாது.

மாதக்கணக்கில் நின்ற சைக்கிளை வெளியே எடுக்கும் முன் செயினை அளந்து பாருங்கள். இரும்பு ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 24 இடைவெளி தாண்டி வரும் பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் என்றால் மாற்றுகிற காலம். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், செயினை மட்டும் மாற்றினால் துள்ளும். கடை மூடியிருந்த நாளில் பலர் தேங்காய் எண்ணெய் விட்டார்கள். அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில், பிறகு மேலே இருப்பதை முழுக்கத் துடைத்தெடுப்பது. செயினுக்கு உள்ளே இருக்கும் எண்ணெய்தான் வேலை செய்யும். டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள் சீலன்ட்டை (உள்ளே ஊற்றும், ஓட்டையடைக்கும் திரவம்) பாருங்கள். நம் வெயிலில் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும்.

பதில்: தணிக்கையாளர்

பணப் பக்கத்தை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள், அங்கேதான் மனக்கசப்பு வருகிறது.

"கிலோமீட்டருக்கு 10 ரூபாய்" என்று வாக்குக் கொடுத்தவரிடம் பயணம் முடிந்த பிறகு கேட்பது கடினம். உச்சவரம்பை முன்பே வாங்கிவிடுங்கள்: 60 கிலோமீட்டர், 10 ரூபாய், ஆகவே 600. தூரம் குறைந்தாலும் தொகை நிறுவனத்துக்கே என்று முதலிலேயே எழுதிவிடலாம்.

ஒருங்கிணைப்பவரின் சொந்த யுபிஐ எண்ணில் பணம் சேரக் கூடாது. சேர்ந்தால் 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரி விலக்குக் கேட்க உதவுவது) அந்த ஒருவர் பெயரில்தான் வரும், மற்றவர்களுக்கு விலக்கு கிடைக்காது; அவருடைய கணக்கில் ஏன் இவ்வளவு வரவு என்ற கேள்வியும் எழலாம். நிறுவனத்தின் க்யூஆர் படத்தையே அனுப்பி, குறிப்பில் விசேஷத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கொடுப்பவர் பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் நிறுவனத்துக்கு நேராகத் தரட்டும். ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி விலக்கு இல்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து நிறுவனம் 10பிடி படிவத்தில் கணக்குக் காட்டி, 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு 80ஜி விலக்கே கிடையாது. இதைச் சொல்லாமல் "வரி மிச்சமாகும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள்.

வெளிநாட்டு உறவினர் விஷயம் இன்னும் கவனம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அங்கே வேலை செய்து சேர்த்த பணத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்ட அண்ணன், அக்கா அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் சரி. அதை வாங்க நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் அதற்கான தனிக் கணக்கும் வேண்டும். பதிவில்லாத சிறிய இல்லத்துக்கு ஆசையாக அனுப்பி, அவர்களை வழக்கில் மாட்டிவிடாதீர்கள்.

பதில்: விசேஷச் சமையலும் ஏற்பாடும் செய்பவர்

சார்வரி ஆண்டில் (1960-61) பிறந்தவர்களுக்கு அடுத்த சார்வரி 2020 ஏப்ரலில் பிறந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போக நினைத்தவர்களுக்கு ஆகஸ்டு முடியும்வரை கோயில் இல்லை. வீட்டில் செய்யும்போது முதல் கவனம் ஐயரும் வீட்டுப் பெரியவர்களும். ஹோமம் காற்றோட்டமான வராந்தாவில், குடங்கள் குறைவாக. அபிஷேகத்துக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தண்ணீர் ஊற்றிவிட்டு நகரலாம். கலசச் சொம்பு கை மாறும்போது சோப்புத் தண்ணீரில் கழுவ ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

நேரலையில் எல்லோரும் செய்யும் தவறு நாதஸ்வரத்தில். ஜூம் போன்ற செயலிகள் நீண்ட இசையை இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். குலவையும் சங்கும் கூட விட்டுவிட்டுத்தான் கேட்கும். ஒரிஜினல் சவுண்டு வசதியை முதலில் அமைப்பில் திறந்து, கூட்டத்திலும் போட வேண்டும். போன், வாசிப்பவரிடமிருந்து நான்கு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். எல்லோரும் சேர்ந்து பாடுவது நடக்காது, ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வரும். ஒருவர் பாட, மற்றவர் மைக்கை அணைத்துவிட்டு உதடசைக்கலாம். கட்டணமில்லா ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்; மாங்கல்ய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு புதிதாகத் தொடங்குங்கள். காலை 6.00–7.30 முகூர்த்தம், கோடையில் லண்டனில் நள்ளிரவு 1.30, டொரன்டோவில் முந்தைய இரவு 8.30, சிங்கப்பூரில் காலை 8.30. லண்டன்காரருக்குப் பதிவை அனுப்பி, ஆசீர்வாதத்துக்கு மட்டும் மாலையில் தனியே அழையுங்கள். அவரை விழித்திருக்க வைப்பது பாசமல்ல.

சாப்பாட்டை வீடு வீடாகச் சைக்கிளில் கொண்டுபோகும் யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2021-இல் பெங்களூரு போன்ற ஊர்களில் சைக்கிள் தன்னார்வலர்கள் மருந்தும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விசேஷத்தன்று பன்னிரண்டு உறவு வீடுகளுக்கும், அதே வழியில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் பொட்டலம் போகலாம். சாம்பார், தேங்காய்ச் சட்னி, கூட்டு வேண்டாம். புளியோதரைக்கு 1 கிலோ அரிசிக்கு 150 முதல் 200 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய். சாதம் ஆறிய பிறகுதான் புளிக்காய்ச்சல். தயிர்சாதத்துக்கு 1 கப் அரிசியை மூன்றரைக் கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து 2 கப் பால், நன்றாக ஆறியதும் 2 மேசைக்கரண்டி தயிர். போய்ச் சேரும்போது புளித்திருக்காது. வடையைச் சூடாகக் கட்டினால் ஆவியில் நமுத்துப்போகும், அரை மணி ஆறவிடுங்கள். இலையை அனலில் வாட்டிக் கட்டினால் கிழியாது. படியிலோ கேட்டிலோ தொங்கவிட்டு, மணி அடித்துவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று முகம் பார்த்துவிட்டு வரலாம்.

பதில்: சைக்கிள் பழுது பார்ப்பவர் (மறுபடி)

சமையல் அக்கா மேலே சொன்ன பொட்டலத்துக்கு ஒரு சேர்க்கை. வீட்டுக்கு 900 கிராம் வைத்தாலும் 12 வீட்டுக்கு 11 கிலோ ஆகிவிடும். சீட் கம்பத்தில் மட்டும் கவ்வும் கேரியர்கள் 9, 10 கிலோவுக்குத்தான். பாரம் கூடினால் பக்கவாட்டில் சுழன்று டயரில் உரசும். பின் அச்சுப் பக்கம் இரண்டு கால் ஊன்றும் கேரியர் வேண்டும். பாரத்தை ஒரே மூட்டையாக மேலே ஏற்றாமல் இரண்டு பக்கமும் பையாகத் தொங்கவிடுங்கள், ஹேண்டில் ஆடாது. பின் சக்கரத்தில் செயின் பக்கக் கம்பிகள்தான் முதலில் அறும். கிளம்பும் முன் இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள், தொளதொள என்றிருப்பதை இறுக்குங்கள்.

பதில்: குழுப் பயணம் ஒருங்கிணைப்பவர்

இரண்டு விஷயம் விட்டுப்போனது. ஒருவர் பின்னால் ஒட்டிக் காற்றைத் தவிர்த்து ஓட்டும் பழக்கத்தை முற்றாக நிறுத்துங்கள். 2020 ஏப்ரலில் காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கன் குழுவின் கணினி உருவகம் வேகமாக ஓட்டுவோருக்கு 20 மீட்டர் இடைவெளி சொன்னது. சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிட்டதால் விமர்சனம் வந்தது. ஆனாலும் கடைப்பிடிக்க எளிது, செலவும் இல்லை. முகக்கவசம் வியர்வையில் நனைந்தால் மூச்சு அடைக்கும். இரண்டு எடுத்துக்கொண்டு, பேச முடிகிற வேகத்திலேயே ஓட்டுங்கள்.

கோவிட் வந்து தேறியவரை, "நம் வீட்டு விசேஷம்தானே" என்று இழுக்காதீர்கள். 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டி, அறிகுறி இல்லாத 7 நாளுக்குப் பிறகே உடற்பயிற்சி, அதுவும் முதல் இரண்டு வாரம் மிக இலேசாக என்றது. நெஞ்சு வலி, படபடப்பு, காரணமில்லாத மூச்சுத்திணறல் இருந்தால் சைக்கிள் மூலையில் நிற்கட்டும், மருத்துவரைப் பாருங்கள். அவர் பங்குக் கிலோமீட்டரை வீட்டில் வேறொருவர் ஓட்டி அவர் பெயரிலேயே எழுதலாம். பட்டியலில் அதற்கென்றே ஒரு கட்டம் விட்டு வையுங்கள்.