யூகடாஸ்ட்ரொஃபி: நற்றிருப்பமா, அருட்டிருப்பமா?

முதல் மடல்

அவையோர்க்கு வணக்கம். மிகுபுனைவு (ஃபேன்டசி) இலக்கியத்தில் கிறிஸ்தவக் கூறுகள் என்ற விருப்பப்பாடத்துக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கதை முழுவதும் வேறொரு பொருளைக் குறித்து நிற்பதற்கு ('அலெகரி') 'முற்றுருவகம்' என்ற சொல் இருப்பதால், சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் கிறிஸ்துவை நினைவூட்டும் சிங்கத்தைப் பற்றி எழுதுவதில் இடர்ப்பாடில்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீனிடம்தான் சிக்கிக்கொண்டேன். தேவதைக் கதைகளைப் பற்றி 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை 1947இல் கட்டுரையாக வெளிவந்தது. எல்லாம் கைவிட்டுப்போன நொடியில் கதை எதிர்பாராமல் நன்மையின் பக்கம் திரும்புவதற்கு அதில் 'யூகடாஸ்ட்ரொஃபி' என்று பெயரிடுகிறார். கிறிஸ்துவின் பிறப்பு மனித வரலாற்றின் யூகடாஸ்ட்ரொஃபி என்றும் சொல்கிறார். அச்சொல்லுக்குத் தமிழில் 'இன்ப முடிவு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மறுமொழி

அம்மையீர், 'இன்ப முடிவு' திரைப்படத்துக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அந்த நாவலின் நாயகன் ஃப்ரோடோ, தீய மோதிரத்தை அழிக்க எரிமலை விளிம்பு வரை வந்து, அதை எறிய மறுத்துத் தனதென்று விரலில் அணிந்துகொள்கிறான். மோதிரத்தின் மேல் வெறிகொண்ட கோலம் என்பவன் அந்த விரலையே கடித்துப் பறித்து, களிப்பில் தடுமாறி நெருப்பில் விழுகிறான். வென்றவர் என்று அங்கே எவரையும் சுட்ட முடியாது. கிரேக்கத்தில் 'கடா' கீழ்நோக்கு, 'ஸ்ட்ரொஃபி' திரும்புதல், 'யூ' நன்மை. ஆதலால் 'நற்கவிழ்வு' என்க. நாடகக் கதை வளரும் கட்டங்களான சந்தி ஐந்தனுள் இறுதியான 'துய்த்தல்' என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு என்று வளர்ந்த கதை தன் பயனைத் துய்க்கும் இடம் அதுவே; 'நற்றுய்ப்பு' என்றால் செவிக்கும் இனிது.

மறுமொழி

ஐயா, 'நற்றுய்ப்பு' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர் விருந்து என்று எண்ணிக்கொள்வர். அந்தத் திருப்பத்தை டோல்கீன் மீண்டும் வருமென்று நம்பியிருக்க முடியாத, திடீரென வாய்க்கும் அருள் என்றே விளக்குகிறார். ஆகவே 'அருட்டிருப்பம்' என்பேன். மோதிரம் அழியும் நாளும் மார்ச் 25, இயேசு பிறக்கப் போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவித்ததை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாள். தம் நூல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்று 1953இல் இயேசு சபையைச் சேர்ந்த ஒருவருக்கு அவரே எழுதியிருக்கும்போது, நாம் ஏன் அருளை ஒளிக்க வேண்டும்?

மறுமொழி

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு சொல். எங்கள் பேச்சில் 'அருட்டுதல்' என்றால் உறங்குபவரைக் குழப்பி எழுப்புதல். 'அருட்டிருப்பம்' என்று படித்ததும் எனக்கு அதிகாலை நினைவுதான் வந்தது.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, மறுப்புக்குக் காரணம் வேறு. அதே கடிதத்தில் டோல்கீன், சமயச் சடங்கு, வழிபாடு என்று சுட்டத்தக்க அனைத்தையும் தம் கற்பனை உலகிலிருந்து ஏறத்தாழ நீக்கிவிட்டதாகவும், சமயக் கூறு கதையிலும் குறியீட்டிலும் கரைந்திருப்பதாகவும் சொல்கிறார். ஆசிரியர் கரைத்து வைத்ததைக் கலைச்சொல் மறுபடி கட்டியாக்கக் கூடாது. 'நல்' என்ற அடையே போதும் என்பது என் துணிபு. நற்செய்தியைக் குறிக்கும் 'யூஅங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லின் 'யூ'வும் இதுவே. இந்தத் திருப்பம் இறுதித் தோல்வியை மறுப்பதால் அந்த அளவில் நற்செய்தியே என்று அக்கட்டுரையும் கூறுகிறது. சுவிசேஷம் என்பவருக்கும் நற்செய்தி என்பவருக்கும் அந்த இணைப்பு தானே விளங்கும். ஏனையோர் கதையின் திருப்பத்தை மட்டும் காண்பர். நற்றிணை போல, 'நற்றிருப்பம்'.

முதல் மடல் எழுதியவர்

நன்றி, ஐயா. 'நற்றிருப்பம்' என்றே எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'நல்ல திருப்பம்' என்று பிரித்து விளக்குகிறேன். புணர்ச்சியைப் பிரிக்கக் கூடாது என்போர் பொறுத்தருள்க. வேறு மூவரும் தனிமடலில் இதற்கே இசைந்தனர், ஒருவர் "எதையாவது வைத்து முடியுங்கள்" என்ற குறிப்புடன்.

மறுமொழி

பெரும்பான்மைக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. தினமும் கதையில் வரும் எந்தத் திருப்பமும் நல்ல திருப்பமாகலாம்; அருள் வேண்டியதில்லை. மேலும், டோல்கீன் துயரும் தோல்வியும் நேரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்கு 'டிஸ்கடாஸ்ட்ரொஃபி' என்று எதிர்ச்சொல்லும் வைத்திருக்கிறார். 'அருட்டிருப்பம்' என்றிருந்தால் 'மருட்டிருப்பம்' என்று எதுகையோடு முடித்திருப்பேன். இனி அதற்கு என்ன எழுதப் போகிறீர்கள், 'தீத்திருப்பம்' என்றா?