9 நாள் அமைதி, மறுபடி கத்தல்: 8 மாதப் பெட்டைப் பூனைக்கு நோயா, ஹீட்டா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

கேள்வி (சாட்ஸ்வர்த்)

வணக்கம். நாட்டுப் பூனை, பெட்டை, 8 மாதம், 2.6 கிலோ. நவம்பர் முதல் வாரம் ராப்பகலாகக் கத்தியது. முன்னங்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்கும். முதுகில் கை வைத்தால் பின்னங்கால்கள் மாறி மாறி மிதிக்கும். 6 நாளில் தானாக நின்றது, 9 நாள் சும்மா இருந்தது, நேற்றிலிருந்து மறுபடி அதே கூத்து. சாப்பாடு பாதிதான். ரத்தம் எதுவும் இல்லை. இணையத்தில் பார்த்த அட்டவணையில் பூனையின் பருவம் பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பரில் முடியும் என்றிருக்கிறது. இது நவம்பர். அப்படியானால் வயிற்றுவலியா? கத்தலை அடக்க மாத்திரை உண்டா?

பதில் (பீனிக்ஸ், கால்நடை மருத்துவமனை உதவியாளர்)

வலி இல்லை அக்கா, ஹீட்தான் (இணை தேடும் பருவம்). நீங்கள் சொன்ன அந்த நிற்கும் கோலமும் கால் மிதிப்பும் போதும், வேறு அடையாளம் தேவையில்லை. தரையில் புரள்வது, கதவருகே உட்கார்ந்து ஊளையிடுவது, சாப்பாடு குறைவது எல்லாம் அதோடு சேர்ந்தவை. நாயைப் போல் பூனைக்கு ரத்தம் வராது. வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நோயிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரே இடம் மண் தட்டு. அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து முக்கினால், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தால், அதில் சிவப்பு தெரிந்தால் அது மூத்திரப் பை கோளாறு. தட்டில் வழக்கம்போல் ஒரு நாளைக்கு 2, 3 தரம் போய், வெளியே வந்து கத்தினால் ஹீட்.

9 நாள் இடைவெளி ஏன் என்றால்: பூனைக்கு முட்டை தானாக வெளியேறாது. கடுவன் சேர்ந்தால்தான் மூளையிலிருந்து சமிக்ஞை போய், 1 முதல் 2 நாளில் முட்டை விடும். சேர்க்கை நடக்காவிட்டால் அந்தச் சுற்று அப்படியே வாடி, ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அடுத்த சுற்று கிளம்பும். ஒரு ஹீட் சராசரி ஒரு வாரம். சிலதுக்கு 3 நாள், சிலதுக்கு 14 வரை இழுக்கும். ஆகவே 6 நாள் கத்தல், 9 நாள் ஓய்வு என்பது புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது.

பதில் (டோங்காட்)

அட்டவணை தப்பில்லை, அது வடக்கு அரைக்கோளத்துக்கு எழுதியது. பூனைக்குக் காலண்டர் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். பகல் நீள நீள மெலடோனின் என்ற ஹார்மோன் குறைந்து சினைப்பை விழித்துக்கொள்ளும். டர்பனில் ஜூனில் பகல் 10 மணி நேரத்துக்குச் சற்றே மேல், டிசம்பரில் 14 மணி நேரத்தைத் தாண்டும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடியில் பகல் நீண்டுகொண்டிருக்கும், புரட்டாசி விரத நேரத்துக்குள் கத்தல் ஆரம்பித்துவிடும், தைப்பூசக் காவடி சமயமும் தொடரும், சித்திரைக்குப் பிறகு அடங்கும். பிப்ரவரி தொடங்கி என்ற கணக்கை இங்கே ஆறு மாதம் தள்ளி வையுங்கள்.

சென்னைப் பக்கம் கேட்டால் ஆண்டு முழுக்க ஹீட் என்பார்கள். அதுவும் சரி, அங்கே பகல் எப்போதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். இன்னொன்று: இரவு 11 வரை ஹாலில் டியூப் லைட்டும் டிவியும் எரியும் வீட்டில் இந்தக் கணக்கும் உடைந்துபோகும். பூனைக்கு அதுவும் பகல்தான், ஜூலையிலும் கத்தும்.

பதில் (மெர்பேங்க்)

எங்கள் பாட்டி காலத்து வழி: சாம்பிராணிப் புகை காட்டினால் அடங்கும். இல்லாவிட்டால் அரை பனடோ.

பதில் (பீனிக்ஸ், கால்நடை மருத்துவமனை உதவியாளர்)

அண்ணா, கோபிக்காதீர்கள், அந்த இரண்டாவது வரியை யாரும் செய்துவிடக் கூடாது. பனடோ என்பது பாராசிட்டமால். அதைப் பிரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஒரு மாத்திரையே கொல்லும், அரை மாத்திரையும் பாதுகாப்பில்லை. ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் அப்போதே வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) ஓட வேண்டும். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயை எரிக்குமே தவிர ஹார்மோனைத் தொடாது. வாசனை எண்ணெய் விளக்குகளும் வேண்டாம்.

மனிதர்களின் கருத்தடை மாத்திரையும் கூடாது. பூனைக்கென்றே இருக்கும் மெஜஸ்ட்ரால் மாத்திரை ஹீட்டைத் தள்ளிப்போடும், உண்மைதான். ஆனால் சர்க்கரை நோய், முலைக் கட்டி, கருப்பையில் சீழ் என்று ஆபத்து அதிகம். குட்டி எடுக்கும் பண்ணைக்காரர்கள் வெட் கண்காணிப்பில் மெலடோனின் அல்லது டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தைத் தோலுக்கடியில் பதித்து வைப்பார்கள். வீட்டுப் பூனைக்கு அதற்கெல்லாம் அவசியமே இல்லை, கருத்தடை அறுவைதான் நேர்வழி.

பஞ்சுக் குச்சியால் தூண்டி முட்டை விடச் செய்யும் வித்தை வீடியோக்களில் வருகிறது. பலித்தால் பொய்ச்சினையாகி மாதம் ஒன்றரை கத்தாது, நிஜம். அந்த நாட்களில் கருப்பை புரோஜெஸ்டிரான் என்ற சினை ஹார்மோனில் ஊறிக்கிடக்கும், கிருமி ஏறினால் சீழ் வைக்கும். வீட்டில் செய்யாதீர்கள்.

கேட்டவர்

நன்றி. இன்றிரவைக் கடப்பது எப்படி? வெளியே இரண்டு கடுவன்கள் சுவரில் மூத்திரம் தெளித்துவிட்டுப் போகின்றன. நேற்று பால்காரர் வந்தபோது இவளும் 10 நிமிடம் வெளியே போய்விட்டாள்.

பதில் (டோங்காட்)

முதலில் ஜன்னல். பர்க்லர் கார்டு கம்பி திருடனுக்குத்தான், பூனைக்கு அது வாசல். தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழையும். கொசு வலையை நகத்தால் கிழித்துவிடும். 25 மி.மீ. கண்ணுள்ள வெல்டு கம்பி வலையைக் கம்பியோடு கேபிள் டை போட்டு 10 செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டுங்கள். வாசலில், இரும்புக் கேட் மூடிய பிறகே மரக்கதவைத் திறப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். ஹீட் பூனை கதவு ஓரத்தில் பதுங்கியே இருக்கும்.

இரவுக்கு: தெருவைப் பார்க்காத அறை, திரை இழுத்து, விளக்கு அணைத்து. மாலையில் கயிறு, பந்து வைத்து 15 நிமிடமாக இரண்டு தரம் ஓடவிட்டு, அதன் பிறகு சாப்பாடு. வெதுவெதுப்பான துணி மூட்டை ஒன்று பக்கத்தில் இருந்தால் சிலது படுத்துவிடும். இதெல்லாம் கத்தலைக் குறைக்கும், நிறுத்தாது. ஆண் வாடை தெரியாமல் இருந்தால் நல்லது, அதனால் சுவரை நொதிக் கிளீனரால் கழுவுங்கள். ஜிக் (பிளீச்) ஊற்றாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், வாடையும் போகாது.

பதில் (பீனிக்ஸ், கால்நடை மருத்துவமனை உதவியாளர்)

அந்த 10 நிமிடத்தை இலேசாக எடுக்க வேண்டாம். சேர்க்கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரே தடவையில் முட்டை விடும் என்று சொல்ல முடியாது, பல தடவை சேர்ந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். அலறி, சட்டென விலகி உருண்டு நக்கிக்கொள்வதை யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். கத்தல் தொடர்ந்தால் சேரவில்லை என்று எண்ணாதீர்கள், சேர்ந்த பிறகும் சில நாள் கத்தும். சினை 63 முதல் 67 நாள். அடிவயிற்றைத் தொட்டோ ஸ்கேனிலோ வெட் சுமார் 4 வாரத்தில் சொல்லிவிடுவார். முன்கூட்டியே அறுவை செய்தால் அதிலேயே சினையும் முடிந்துவிடும். இது உங்கள் தீர்மானம், வெட்டிடம் 10 நிமிடம் வெளியே போனதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கழுத்தின் பின்பக்கம் கடித்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தெருக் கடுவன் கடியில் எஃப்.ஐ.வி. (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பரவும், அதற்கான ரத்தப் பரிசோதனையை 2 மாதம் கழித்துச் செய்ய வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா? நம் நாட்டில் பூனைக்கும் சட்டப்படி கட்டாயம், நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் வெறிநோய் இருப்பதால் அது வெறும் சட்டத்துக்காக மட்டும் இல்லை.

கேட்டவர்

கடித்தடம் இல்லை, ஊசி போட்டிருக்கிறது. அறுவையை ஹீட் முடிந்த பின்தான் செய்ய வேண்டுமா? தங்கையின் பூனை கருத்தடை முடிந்தும் ஹீட் வந்தது போல் கத்துகிறதாம்.

பதில் (பீனிக்ஸ், கால்நடை மருத்துவமனை உதவியாளர்)

ஹீட்டில் ரத்தக் குழாய்கள் பருத்திருக்கும், கருப்பைத் திசு எளிதில் கிழியும், அதனால் சற்று நேரம் பிடிக்கும். முடியாதது இல்லை, சிலர் செய்வார்கள், சிலர் ஒரு வாரம் தள்ளச் சொல்வார்கள். உங்கள் பூனைக்கு இடைவெளி 9 நாள்தான், அதைத் தவறவிட்டால் மறுபடி இதே கதை. ஆகவே கத்தல் நின்ற மறுநாளே வருகிறேன் என்று இன்றே நேரம் வாங்கி வையுங்கள். வருமானம் குறைவென்றால் விலங்கு நல அமைப்பான எஸ்.பி.சி.ஏ.யில் விசாரியுங்கள், வருமானச் சான்று கேட்பார்கள்.

அடுத்த குட்டி வளர்க்கும்போது 5 மாதத்திலேயே செய்துவிடுங்கள். சில குட்டிகள் 4 மாதத்திலேயே ஹீட்டுக்கு வரும். ஒரு தரம் ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது என்பது வெறும் பேச்சு. 6 மாதத்துக்கு முன் அறுவை செய்த பூனைகளில் முலைப் புற்று அபாயம் 91 விழுக்காடு குறைவு என்று 2005 ஆய்வு காட்டியது. ஒரு வயதுக்குள் என்றால் 86, ஆகவே உங்களுக்கும் நேரம் இருக்கிறது.

தங்கை பூனை விஷயம்: சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். அறுவை முடிந்த ஒரு வாரத்துக்குள் என்றால் ஹார்மோன் மிச்சம், தானே அடங்கும். மாதங்கள் கழித்து என்றால், கத்தும் நாளிலேயே கூட்டிப் போகச் சொல்லுங்கள். அப்போதுதான் யோனிச் செல்களைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் சோதனையில் தெரியும், அமைதியான நாளில் போனால் கண்டுபிடிப்பது கஷ்டம். நடந்துகொள்வதை வீடியோ எடுத்துக்கொண்டு போகட்டும்.

உங்களுக்கு, முந்தின நாள் இரவு 10க்குப் பிறகு தீனி வேண்டாம், தண்ணீர் காலை வரை இருக்கலாம். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை 10 முதல் 14 நாள், அலமாரி மேல் தாவவிடாதீர்கள். தீனியைக் கால் பங்கு குறையுங்கள், கருத்தடைக்குப் பின் பசி ஏறும், உடம்பு செலவழிக்கும் சக்தி இறங்கும்.

கேட்டவர்

நேரம் வாங்கிவிட்டேன், அடுத்த புதன். கம்பி வலை நாளைக் காலையில் வாங்குகிறேன். 25 மி.மீ. கிடைக்காவிட்டால் 50 போதுமா?

பதில் (டோங்காட்)

இவளுக்குப் போதும், 50க்குள் 2.6 கிலோ பூனை தலை நுழையாது. குட்டி இருந்தால் 25தான்.