கரண்டு வந்தது, பில்லிங் வரவில்லை: சர்வர் போர்ட் சண்டை அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

ஐப்பசி மழை. மீன் கம்பெனி யுபிஎஸ் பேட்டரியின் முனைகளில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்துக் கிடக்கும். கரண்டு போனால் சர்வரும் கூடவே போய்விடும். அன்றைக்கு ராத்திரி போய், விடிகாலையில் வந்திருக்கிறது. ஐந்து மணிக்குக் கணக்கப்பிள்ளையின் போன். “தம்பி, பில்லு வரலை. என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு.” முந்தின நாள் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பும் நேரம் அது. எடை போட்ட இறாலும் கணவாயும் ஐஸில் காத்துக்கிடந்தன.

போய்ப் பார்த்தால், பில்லிங் பக்கம் வரவேண்டிய இடத்தில் ‘இட் வொர்க்ஸ்!’ என்று அப்பாச்சி என்ற வெப் சர்வரின் வரவேற்புப் பக்கம். எதுவுமே ஓடாத நேரத்தில் இப்படி ஒரு வாசகம்! நாங்கள் ஓட்டுவது என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு வெப் சர்வர். அப்பாச்சியை நான் போட்டதே கிடையாது. அவசரத்தில் ரீபூட் அடித்தேன், பில்லிங் வந்துவிட்டது. ‘சரியாயிருச்சு’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. நாலு நாள் கழித்துக் கரண்டு போனதும் அதே பக்கம் மறுபடி வந்து நின்றது.

இந்தத் தடவை உட்கார்ந்து லாக்கை (சர்வர் எழுதி வைக்கும் பதிவை)ப் படித்தேன். 80-ஆம் போர்ட் (சர்வரில் ஒரு புரோகிராம் இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசலின் எண்; வெப் பக்கங்களுக்கு 80) கிடைக்காமல் 98 என்ற பிழை எண்ணோடு என்ஜின்எக்ஸ் விழுந்து கிடந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்பதற்கு லினக்ஸ் சொல்லும் எண் அது. ஆள் யார் என்று பார்க்க எஸ்எஸ் கமாண்ட் இருக்கிறது. சூடோ (நிர்வாகி உரிமை) இல்லாமல் அடித்தால் போர்ட் எண் தெரியும், பிடித்திருப்பவர் பெயர் தெரியாது. சூடோவோடு அடித்தேன். அப்பாச்சி.

விசாரித்தால், மூன்று வாரம் முன்னால் ஒரு ரிப்போர்ட்டுக்காக இன்னொருவர் பிஹெச்பி என்ற புரோகிராமிங் மொழியைப் போட்டிருக்கிறார். உபுண்டு லினக்ஸில் வெறும் பிஹெச்பி என்று கேட்டால் அது அப்பாச்சியையும் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். அப்போது 80-இல் என்ஜின்எக்ஸ் இருந்ததால் அப்பாச்சியால் எழும்ப முடியவில்லை. திரையில் ஓடிய பிழையை யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. ஆனால் பூட்டில் (சர்வர் ஆன் ஆகும்போது) தானாகக் கிளம்பும் வரிசையில் அது சேர்ந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பூட்டிலும் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்: முந்தியவருக்கு 80. ஒரு ரீபூட்டில் சரியானதும் அடுத்ததில் கெட்டதும் இதனால்தான்.

ரிப்போர்ட்டுக்குக் கமாண்ட் லைன் பிஹெச்பியே போதும். அப்பாச்சியை அடியோடு எடுத்துவிட்டு, ஐந்து தடவை ரீபூட் அடித்துப் பார்த்தேன். “நல்லா ஓடுறத ஏன் தம்பி போட்டு நோண்டுற?” என்றார் கணக்கப்பிள்ளை.

கீழக்கரையிலிருந்து:

நமக்கு வம்பு 53-ஆம் போர்ட்டில், பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் வேலைக்கான எண் அது. காக்கா (எங்கள் பக்கம் அண்ணன்) ஒருவரின் கடையில் அந்த வேலை செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராமைப் போடச் சொன்னார்கள். உபுண்டுவோடு வரும், அதே வேலை பார்க்கும் ரிசால்வ்டு 127.0.0.53 முகவரியில் அந்தப் போர்ட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் என்று தெரியும். ரொம்ப சாமர்த்தியமாக அதை முதலில் நிறுத்திவிட்டு டிஎன்எஸ்மாஸ்கை இறக்கப் போனேன். பெயரை ஐபி ஆக்கிக் கொடுக்கிறவனையே நிறுத்திவிட்டால் எங்கிருந்து இறக்குவது? மறுபடி அதைக் கிளப்பிவிட்டுத்தான் இறக்கினேன்.

கடைசியில் ரிசால்வ்டை அப்படியே விட்டுவிட்டு, டிஎன்எஸ்மாஸ்கைக் கடையின் லேன் (கடைக்குள் ஓடும் நெட்வொர்க்) முகவரியில் மட்டும் கேட்க, அதாவது இணைப்புக்காகக் காத்திருக்கச் சொன்னேன். முகவரி வேறானால் ஒரே 53-இல் இரண்டு பேரும் இருக்கலாம். அப்புறமும் பூட்டில் ஒருநாள் விழுந்தது, ஆனால் பிழை எண் 99. அது இடச் சண்டை இல்லை: வைஃபைக்கு ஐபி வருவதற்குள் இவர் அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டார். பைண்ட்-இன்டர்ஃபேஸஸ் என்றிருந்ததை பைண்ட்-டைனமிக் (முகவரி பின்னால் வந்தாலும் பிடித்துக்கொள்) என்று மாற்றினேன். 98-ஐயும் 99-ஐயும் குழப்பிக்கொண்டு அரைநாள் வீணாக்கினேன், அது வேறு கதை.

தொண்டியிலிருந்து:

என்னுடையது பேய்க்கதை மாதிரி. அட்டெண்டன்ஸ் சர்வீஸுக்கு 45000-ஆம் போர்ட்டை வைத்திருந்தோம். எப்போதாவது பூட்டில் 98 என்று விழும். போய்ப் பார்த்தால் அந்தப் போர்ட்டில் யாருமே கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வெளியே போகும் இணைப்புகளுக்கு லினக்ஸ் தானாகக் கொடுக்கும் எண்கள் 32768 முதல் 60999 வரை. முன்னால் கிளம்பிய ஏதோ ஒரு சர்வீஸுக்கு அந்த 45000 போய்ச் சேர்ந்திருக்கிறது. எஸ்எஸ் கமாண்டில் கேட்பவர்களை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது, எல்லா இணைப்புகளையும் பார்க்க வேண்டும். 45000-ஐ யாருக்கும் கொடுக்காதே என்று கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) ரிசர்வ்டு பட்டியலில் எழுதி வைத்தேன். அதற்கப்புறம் விழவில்லை.

மண்டபத்திலிருந்து:

தொண்டி அண்ணே, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். எடை மெஷின் சர்வீஸுக்கு நான் வைத்திருப்பது 40000. நாளைக்குப் படகு வராது, காலையிலேயே போய் மாற்றிவிடுகிறேன்.