ஜியோகாஷிங் பெட்டி வைக்க நல்ல இடம் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. ஜிபிஎஸ் ஆள்கூறை வைச்சு, ஒளிச்சு வைச்ச பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஜியோகாஷிங். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கினது. எங்கட பிள்ளைகளுக்கும் இதை அறிமுகப்படுத்த வன்னியில் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் இடங்கள் தேவை.

முக்கியமான விசயம், நிலத்தைக் கிண்டவே கூடாது. விளையாட்டின் விதியும் அதுதான். கண்ணிவெடி இன்னும் முழுக்க அகற்றப்படாத மண்ணில் இதுக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. சனம் தினமும் நடக்கிற பாதையோரம், கையெட்டும் உயரத்தில் இருந்தால் போதும். பற்றைக்காடும், கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்குக் கிட்டவும் வேண்டவே வேண்டாம். போன் ஜிபிஎஸ் வெளியிலேயே 5 மீற்றர் அளவில் பிழைக்கும், மரத்துக்குக் கீழே இன்னும் கூடும். தேடுறவர் அந்த வட்டம் முழுக்க நடப்பார். அதால சுத்திவர 20 மீற்றராவது பாதுகாப்பாக இருக்கவேணும்.

ரப்பர் வளையம் வைச்ச, உள்ளே தெரியிற பிளாஸ்ரிக் பெட்டிதான் நல்லது. உள்ளுக்கு, கண்டுபிடிச்ச ஆக்கள் பெயர் எழுத ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். பேனை மை மாரி ஈரத்தில் ஊறிப்போகும். தின்பண்டம் வைச்சால் குரங்கு பெட்டியையே கடிச்சுப்போடும். என்ன பெட்டி எண்டு தமிழிலும் சிங்களத்திலும் வெளியில் எழுதி ஒட்டுங்கோ, இல்லாட்டி கண்ட ஆக்கள் பயந்துபோவினம். காணிக்காரரிட்ட அனுமதி கட்டாயம். பெட்டிக்குப் பெட்டி 161 மீற்றர் இடைவெளி வேணும்.

இடம் தெரிஞ்ச ஆக்கள் படத்தோட போடுங்கோ. மாரியில் வெள்ளம் ஏறுமா, யானை நடமாட்டம் உண்டா எண்டும் எழுதுங்கோ. மாசத்துக்கு ஒருக்கா பெட்டியைப் பார்த்து, நனைஞ்ச கொப்பியை மாத்த ஊருக்கு ஒராள் வேணும்.