ஹீட்டர் போட்டால் எம்.சி.பி. விழுகிறது, 32 அம்பியருக்கு மாற்றலாமா?

கேள்வி (நுவரெலியா):
வணக்கம். தை மாதக் குளிருக்காக 2000 வாற்று ஹீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை அம்மாவின் அறையிலும் மற்றதைப் பிள்ளைகளின் அறையிலும் வைத்திருக்கிறோம். இரண்டும் எரியும்போது சமையலறையில் கேத்தலைப் போட்டால், சில நிமிடங்களில் 16 அம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. மூன்று இடங்களுக்கும் பலகை சீலிங்கின் மேலாக ஒரே வயர்தான் போகிறது, அது 1.5 சதுர மில்லிமீற்றர். வயரிங் பார்க்க வந்தவர் 32 அம்பியர் எம்.சி.பி. போட்டால் போதும் என்கிறார். போடலாமா?

பதில் (பண்டாரவளை, மின்னிணைப்பாளர்):
தயவுசெய்து போட வேண்டாம். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், ஹீட்டரை அல்ல. 2000 வாற்றை 230 வோல்ற்றால் வகுத்தால் 8.7 அம்பியர், இரண்டுக்கும் 17.4. கேத்தலைப் போடுவதற்கு முன்பே நீங்கள் 16 அம்பியரைத் தாண்டிவிட்டீர்கள். சிறிதளவு மிகையை எம்.சி.பி. நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும் என்பதால்தான் அது உடனே விழவில்லை. குழாய்க்குள் செல்லும் 1.5 வயர் ஏறத்தாழ 17 அம்பியரைத்தான் தாங்கும். காற்றோட்டமில்லாத சீலிங்கில் அதுவும் குறையும். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 32 அம்பியர் ஓடினால் அது 17 அம்பியரில் பிறப்பதன் மூன்று மடங்கைத் தாண்டும். உறை இளகுவது பலகைக்கு மேலே, உங்கள் கண்ணில் படாத இடத்தில்.

ஒவ்வொரு ஹீட்டருக்கும் டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) தனியாக 2.5 வயர், அதாவது கடையில் 7/.67 என்று கேட்பது, ஏர்த்துடன் இழுத்து, தனித்தனி 16 அம்பியர் எம்.சி.பி. போடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது மின்கசிவுக்கு விழுமே தவிர, மிகைச் சுமைக்கு விழாது.

பதில் (ஹற்றன்):
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டு இணைப்பு 30 அம்பியர் ஒற்றைக் கட்டம் என்றால், இரண்டு ஹீட்டர்களோடு 3.5 கிலோவாற்று குளியலறை ஹீட்டரையும் போடும்போது மொத்தம் 32 அம்பியரைத் தாண்டும். காலையில் குளிக்கும் நேரத்தில் அறை ஹீட்டர் ஒன்றையாவது நிறுத்திவிடுங்கள். ப்ளக் பொயிண்டையும் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் வயர் சரியாக இருந்தும், திருகாணி தளர்ந்திருந்ததால் ப்ளக்கின் ஒரு கால் கருகிப்போயிருந்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மெயினை நிறுத்திவிட்டு அம்மாவின் அறை பொயிண்டைக் கழற்றினேன். லைவ் வயரின் உறை ஒரு விரலளவுக்குக் கறுத்து, தொட்டதும் உதிர்ந்தது. அந்த பொயிண்டை மூடிவிட்டேன். புது வயர் இழுக்கும்வரை அம்மா பிள்ளைகளின் அறையிலேயே படுக்கட்டும். அங்கும் ஹீட்டரை 1000 வாற்றில்தான் வைத்திருக்கிறோம்.