தமிழ்த் தலைப்பு கார்டுக்கு வெளியே ஓடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு ஸ்வீட் கடைக்கு சிஎஸ்எஸ் கிரிட்டில் (பக்கத்தை வரிசை, நெடுவரிசையாக அடுக்கும் முறை) இணையப் பக்கம் செய்கிறேன். 360 பிக்சல் அகலப் போனில் வரிசைக்கு இரண்டு கார்டு (இனிப்பின் பெயர் வரும் பெட்டி). 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' வந்ததும் அந்த நெடுவரிசை மட்டும் வீங்கி, பக்கமே பக்கவாட்டில் நகர்ந்தது. நெடுவரிசை அகலத்தை 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்பதிலிருந்து மினிமேக்ஸ்(0, 1எஃப்ஆர்), அதாவது நீளமான சொல் வந்தாலும் வீங்காத பங்கு, என்று ஆக்கினேன், அகலம் சமமாகிவிட்டது. சரி, ஆனால் இப்போது ஊர்ப் பெயர் கார்டைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் (இடம் போதாவிட்டால் சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைக்கும் அமைப்பு) போட்டால் 'ஸ்ரீவில்லிபுத்' ஒரு வரி, 'தூர்' அடுத்த வரி, நடுவில் இணைப்புக்குறிகூட இல்லை. கண்றாவி!

கிளாம்ப் (அளவைத் திரைக்கேற்ப ஒரு வரம்புக்குள் மாற்றும் சிஎஸ்எஸ் வசதி) வைத்து எழுத்தைச் சிறிதாக்க மனமில்லை. பெரியவர்களும் படிக்க வேண்டிய விலைப்பட்டியல். ஒவ்வொரு பெயரிலும் கையால் ஸாஃப்ட் ஹைஃபன் (சொல் உடையும் இடத்தில் மட்டும் தெரியும் இணைப்புக்குறி) செருகுவதும் கட்டுப்படியாகாது. லாங் பண்பில் (பக்கத்தின் மொழியைச் சொல்லும் இடம்) தமிழுக்கான 'டிஏ' கொடுத்து, ஹைஃபன்ஸ்: ஆட்டோவை (பிரௌசரே இணைப்புக்குறி போட்டுச் சொல்லை உடைக்கும் அமைப்பு) தமிழுக்கு நிஜத் தளத்தில் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு குரோம், ஐஃபோன் சஃபாரி இரண்டிலும் ஒழுங்காக உடைக்கிறதா? இல்லையென்றால் கன்டெய்னர் குவெரி (சுற்றியுள்ள பெட்டியின் அகலம் பார்த்து அமைப்பை மாற்றும் வசதி) வைத்து ஒற்றை நெடுவரிசைக்குப் போய்விடலாமா?